சோமாலியா என்கிற வசவு

நான் ஆறாம் வகுப்புப் படிக்கிறபோது எங்கள் வகுப்பில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் 'சோமாலியா'. எலும்பும் தோலுமாக இருப்பான். நானும்தான் கூப்பிட்டேன், கூப்பிட்டுச் சிரித்தேன். சோமாலியா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எங்கள் வாத்தியாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனை எழுப்புவார். ஒரு முழு நாடு, அதன் ஆயிரம் வருஷத்து மொழி, கடல், ஒட்டகம், பாட்டு, சண்டை எல்லாம் சேர்ந்து தமிழுக்குள் ஒரு ஒல்லிப் பையனின் விலா எலும்பாக வந்து சேர்ந்தது எப்படி?

1992இல் வந்த புகைப்படங்கள் வழியாகத்தான். அதற்கு முன்னால் அந்தப் பெயர் நம் பேச்சில் கிடையாது. அதற்குப் பின்னால் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கிடையாது. 2016 மே மாதம் கேரளத் தேர்தல் பிரச்சாரத்தில் பிரதமர் மோடி, அங்குள்ள பழங்குடிக் குழந்தைகளின் இறப்பு விகிதத்தைச் சோமாலியாவோடு ஒப்பிட்டார். மலையாளிகள் கொதித்துப்போனார்கள். சமூக ஊடகங்களில் கேலி பறந்தது. கொதித்தவர்களின் கோபமெல்லாம் 'எங்களைப் போய் அதோடு ஒப்பிடுவதா' என்பதுதான். 'அது' என்ன என்பதில் பேசியவருக்கும் எதிர்த்தவர்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இடதுசாரிகள் உட்பட. ஒரு சொல்லாடலின் பலம் எதிரிகள் இருவரும் சண்டை போடாமல் விட்டுவைக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

சரி, அந்தப் படங்களில் இருந்தவர்கள் யார்? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

1991-92 பஞ்சத்தில் அதிகம் செத்தவர்கள் தெற்கே ஜுபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், பைடோவாவைச் சுற்றி இருந்தவர்கள். அதுதான் நாட்டின் சோளக் களஞ்சியம். தானியம் விளைகிற மண்ணில், விளைவிக்கிறவர்கள் பட்டினியில் செத்தார்கள். வறட்சி இருந்தது உண்மை. ஆனால் கொன்றது கொள்ளை. 1991 ஜனவரியில் மொகடிஷுவிலிருந்து துரத்தப்பட்ட சர்வாதிகாரி சியாத் பாரேவின் படைகளும், அவற்றைத் துரத்திய ஜெனரல் அய்தீதின் படைகளும் மாறி மாறி அந்த மண்ணின் மீது நடந்தன. குழியில் புதைத்து வைத்திருந்த தானியம், மாடு, தண்ணீர் இறைக்கும் எந்திரம் என்று ஒன்று விடாமல் போனது. பறிகொடுத்தவர்கள் ரஹன்வெய்ன் குலக்குழுவினரும், சோமாலி பாண்டூக்கள் எனப்படுகிறவர்களும். ரஹன்வெய்ன்கள் பேசுவது 'மாய்' மொழி. வடக்கத்திச் சோமாலிக்கு அது லேசில் புரியாது. பாண்டூக்கள் 19ஆம் நூற்றாண்டில் தான்சானியா, மொசாம்பிக், மலாவிப் பக்கங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஒட்டகம் மேய்ப்பதை உசத்தி என்றும் மண் கொத்துவதைத் தாழ்வு என்றும் பார்க்கிற ஒரு படிநிலையில் இருவருமே கீழே இருப்பவர்கள். துப்பாக்கி வைத்திருந்த குலக்குழுக்கள் வேறு.

ஆக, 'சோமாலியர்கள் பட்டினி கிடக்கிறார்கள்' என்று உலகத்துக்குச் சொன்ன படம், சோமாலியருக்குள் யார் யாரைப் பட்டினி போட்டார்கள் என்பதை மறைத்த படம். 2011இலும் இதே கதை. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்தார்கள் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மறுபடியும் பெரும்பாலோர் ரஹன்வெய்ன்கள், பாண்டூக்கள். ஒரு பக்கம் அல்-ஷபாப் நிவாரண அமைப்புகளைத் தடுத்தது. இன்னொரு பக்கம், சாப்பாடு 'பயங்கரவாதி' கைக்குப் போய்விடக் கூடாது என்கிற அமெரிக்கச் சட்டங்கள் உதவியை இழுத்தடித்தன. நாம் வசவாகப் பயன்படுத்துகிற உடம்பு அந்தச் சமூகத்தின் விளிம்புநிலை மக்களுடையது. இது தெரிந்த பிறகு அந்தப் பட்டப்பெயரைச் சிரிக்காமல் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியாள் பார்வைக்கு வயசு அதிகம். 1899 முதல் 1920 வரை பிரிட்டிஷாரை எதிர்த்துத் தர்வீஷ் போர் நடத்தியவர் சையித் முகமது அப்துல்லா ஹசன். பிரிட்டிஷ் ஆவணங்களில் அவருக்குப் பெயர் 'பைத்தியக்கார முல்லா'. பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் காரணம் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். 1920 ஜனவரியில் விமானத்திலிருந்து குண்டு போட்டு அவரது படையை முறியடித்தார்கள். அதே மனிதர் சோமாலி மொழியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். அவரது போரில் பாதி வாய்மொழிக் கவிதையால் நடந்தது. பகைவனை வைது ஒரு பாட்டுக் கட்டினால் அது ஒட்டகத்தோடு ஒட்டகமாக நூற்றுக்கணக்கான மைல் போகும், பதில் பாட்டு திரும்பி வரும். அந்த யாப்பு பற்றித் தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சோமாலி மரபுக் கவிதையில் ஒரு பாட்டு 'த'வில் தொடங்கினால் அடிதோறும் அதே ஒலி மோனையாக வந்தாக வேண்டும், நூறு அடி போனாலும். நம் புலவர்களுக்கு மூச்சு முட்டும். நாடே கவிஞர்களால் நிரம்பியிருக்கிறது என்று 1856இல் ரிச்சர்ட் பர்ட்டன் தன் பயண நூலில் எழுதினார். எழுதியும் என்ன, அதை வேடிக்கையாகத்தான் பதிவு செய்தார். கவிதை அங்கே ஆட்சி நடத்துகிற கருவி என்பது அவர் கண்ணில் படவில்லை.

பிரிட்டிஷாருக்கு அந்த நாடு எதற்கு? செங்கடல் வாயிலில் இருந்த ஏடன் படைமுகாமுக்கு ஆட்டிறைச்சி வேண்டும், அவ்வளவுதான். 1898 வரை பிரிட்டிஷ் இந்திய நிர்வாகத்தின் கீழ்தான் அந்தப் பகுதி இருந்தது. செலாவணி ரூபாய், சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டம். தெற்கு இத்தாலியரிடம். 1960இல் இரண்டும் சேர்ந்து ஒரு குடியரசாயின.

பொதுவாகச் சொல்லப்படும் பெருங்கதையாடல் இப்படிப் போகும்: 1991இல் அரசு விழுந்தது, நாடு இருட்டில் மூழ்கியது. 'தோற்றுப்போன அரசுகள்' என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருமே, அதில் 2008 முதல் 2013 வரை முதலிடம் சோமாலியாவுக்கு. இந்தக் கதையில் அரசு என்பது வெளிச்சம், அரசின்மை இருட்டு. நல்லது. 1988 மே மாதம் ஹர்கெய்சாவில் இருந்தவர்களிடம் இந்த இருமை எதிர்வைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சியாத் பாரே 1969 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்தவர். 'விஞ்ஞான சோசலிசம்' பேசினார். 1972இல் சோமாலி மொழிக்கு எழுத்து வடிவம் தந்தது அந்த அரசு. பள்ளிக்கூடங்களை ஒரு வருஷம் மூடி மாணவர்களை மேய்ச்சல் நிலங்களுக்கு எழுத்தறிவிக்க அனுப்பியதும் அதே அரசு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கவிஞர் ஹத்ராவி 1973 முதல் ஐந்து வருஷம் சிறையில் இருந்ததும் அந்த அரசிடம்தான். 1977இல் ஒகடேனுக்காக எத்தியோப்பியாவோடு போருக்குப் போனார் பாரே. சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் சாய்ந்தது. இவர் அமெரிக்கா பக்கம் தாவினார். துப்பாக்கி கொடுக்கும் கைதான் மாறியது. வடக்கில் இசாக் குலக்குழுவினரின் கிளர்ச்சி வலுத்து 1988இல் புராவோ, ஹர்கெய்சா நகரங்களுக்குள் போராளிகள் நுழைந்தபோது, அரசு தன் சொந்த நகரத்தின் மீது குண்டு போட்டது. விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, ஹர்கெய்சா மீதே குண்டு போட்டுவிட்டு, அங்கேயே வந்து இறங்கின. ஊர் தரைமட்டம். 50,000 பேர் வரை கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஆப்பிரிக்கா வாட்ச் 1990இல் சொன்னது. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி எத்தியோப்பியாவுக்கு நடந்தார்கள். இன்றைக்கு நகரத்தின் நடுவில் ஒரு மிக் விமானத்தைப் பீடத்தில் ஏற்றி நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

அப்போது உலகப் பத்திரிகைகளுக்கு அது தலைப்புச் செய்தியாகவில்லை. அரசு கொன்றால் அது உள்நாட்டு விவகாரம். அரசு இல்லாத இடத்தில் செத்தால்தான் மானுட அவலம். குண்டு விழுகிற அந்த நாட்களில் ஹர்கெய்சா வானொலிக்காரர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். தங்கள் ஒலிநாடாக்களை, பத்தாண்டுக் கணக்கான பாட்டும் நாடகமும் கவிதையும் இருந்தவற்றை, மண்ணுக்கடியில் புதைத்தார்கள். கொஞ்சம் ஜிபூட்டிக்கும் எத்தியோப்பியாவுக்கும் கடத்தினார்கள். பிற்பாடு தோண்டி எடுத்துச் சேகரித்திருக்கிறார்கள். 'அரசு இல்லாவிட்டால் பண்பாடு அழிந்துபோகும்' என்பவர்கள் இந்த நாடாக்கள் யாரிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்டன என்பதை யோசிக்கட்டும்.

இப்போது 1993க்கு வருவோம். அந்த ஒரு வருஷத்தில் நடந்த இரண்டு கூட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும்.

முதல் கூட்டம் வடமேற்கே போராமாவில். ஜனவரி முதல் மே வரை நடந்தது. வடக்கின் எல்லாக் குலக்குழுக்களிலிருந்தும் வந்த மூத்தோர் 150 பேர் வாக்குரிமையோடு உட்கார்ந்து பேசினார்கள். போராமா கடபூர்சிகளின் ஊர். உள்நாட்டுப் போரில் அவர்களில் பலர் பாரே பக்கம் நின்றவர்கள். ஜெயித்த இசாக்குகள் தோற்ற தரப்பின் ஊருக்குப் போய், அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மாதக்கணக்கில் பேசினார்கள். சோமாலியில் 'ஹேர்' என்று ஒரு வழக்காற்றுச் சட்டம் இருக்கிறது. ஒரு கொலைக்கு எத்தனை ஒட்டகம், யார் தர வேண்டும், யார் வாங்க வேண்டும், எந்தக் கிணறு எவருக்கு, எல்லாம் அதில் உண்டு. எழுதி வைத்தது அல்ல. மரத்தடியில் பேசிப் பேசி உருவானது. அதை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள். முடிவில் ஒரு சாசனம், ஒரு நாடாளுமன்றம், மூத்தோருக்கு 'கூர்த்தி' என்று ஒரு மேலவை, முகமது இப்ராஹிம் இகால் என்ற ஜனாதிபதி. வெளியிலிருந்து வந்த பணம் சொற்பம். இப்படித்தான் சோமாலிலாந்து நிலைத்தது. (1991 மே மாதமே புராவோவில் தனிநாடு என்று அறிவித்துவிட்டார்கள், அதற்கு உயிர் வந்தது போராமாவில்தான்.)

இரண்டாவது கூட்டம் போராமா முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூலை 12 அன்று மொகடிஷுவில். அதற்கு முந்தைய டிசம்பரில் அமெரிக்க மரைன்கள் கடற்கரையில் இறங்கியிருந்தார்கள். இறங்குவதைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் விளக்கோடு மணலில் காத்திருந்தார்கள் என்பது உலகம் சிரித்த கதை. பஞ்சத்தின் உச்சம் அதற்குள் கடந்துவிட்டது, இராணுவம் வேண்டாம் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் ரகியா ஓமார். ஹர்கெய்சா படுகொலையை உலகுக்குச் சொன்ன ஆப்பிரிக்கா வாட்ச் அமைப்பின் இயக்குநர், சோமாலிப் பெண். சொன்னதற்காக வேலை போனது. அவரோடு அலெக்ஸ் டி வாலும் ராஜினாமா செய்தார். ஐ.நா.வின் தூதராக இருந்து குலக்குழு மூத்தோரோடு பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த அல்ஜீரியர் முகமது சானூனும் அக்டோபரிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. நிதானமாகப் போகச் சொன்னவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக அப்புறப்படுத்தப்பட்ட பிறகுதான் ஹெலிகாப்டர்கள் வந்தன.

ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தானி அமைதிப்படையினர் கொல்லப்பட்டார்கள். அது கொடுமைதான். அய்தீதின் தலைக்கு 25,000 டாலர் விலை வைத்தார்கள். ஜூலை 12 அன்று ஒரு வீட்டில் ஹபர் கிதிர் குலக்குழுவின் மூத்தோர், மதப் பெரியவர்கள், படித்தவர்கள், அய்தீதின் ஆட்கள் சிலர் கூடியிருந்தார்கள். ஐ.நா.வோடு சமாதானத்துக்கு வழி உண்டா என்று பேசத்தான் கூடினோம் என்பது தப்பியவர்கள் சொன்னது. சதியாலோசனை என்பது ஐ.நா. சொன்னது. அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளை வீசின. 54 பேர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. தாக்கியவர்கள் 20 என்றார்கள். படம் எடுக்கப் போன நான்கு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைக் கொதித்துப்போன கூட்டம் அடித்தே கொன்றது. அதற்கும் நியாயம் கற்பிக்க முடியாது.

அக்டோபர் 3-4இல் 18 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு ஒரு புத்தகம், 2001இல் ஒரு படம். நம்ம ஊரிலும் டி.வி.டி.யில் ஆளுக்கு நாலு தடவை பார்த்தோம். மொராக்கோவில் எடுத்தது. அதில் சோமாலியர் என்றால் கூரை மேல் ஓடுகிற கூட்டம். அந்த ஒரு ராத்திரியில் செத்த பல நூறு சோமாலியருக்கு முகமே கிடையாது. ஜூலை 12 அந்தப் படத்தில் இல்லை. அது இல்லாமல் அக்டோபர் 3 வெறும் வெறி. 'இவர்களுக்குச் சோறு போட வந்தோம், இவர்கள் நம்மைக் கொல்கிறார்கள்.' பைத்தியக்கார முல்லா மறுபடி.

எந்த நிறுவனம் போராமாவில் ஒரு சமாதானத்தைக் கட்டியதோ, அதே நிறுவனத்தின் மீதுதான் மொகடிஷுவில் ஏவுகணை விழுந்தது. வேண்டுமென்றே என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைக் கூட்டமாக வாசிக்க அவர்களிடம் எழுத்தறிவு இல்லை. மரத்தடியிலோ மாடியிலோ கிழவர்கள் உட்கார்ந்து பேசுவது அவர்கள் அகராதியில் ஒன்று நாட்டுப்புறக் காட்சி, அல்லது சதி. நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 1995 மார்ச்சில் ஐ.நா. கிளம்பிப் போனது.

பணத்தைப் பற்றிய பார்வையும் இப்படித்தான். ஹவாலா என்றால் நமக்கு அரசியல்வாதியும் கறுப்புப் பணமும்தான் ஞாபகம் வரும். வங்கியே இல்லாமல் போன ஒரு நாட்டில் மினியாபொலிஸில் டாக்சி ஓட்டுகிற மகன் அனுப்பும் பணம் ஒரு கிராமத்துக் கிழவியின் கைக்குப் போய்ச் சேர்ந்த வழி அது. மத்திய வங்கி போன பிறகும் பழைய ஷில்லிங் நோட்டுகள் சந்தையில் ஓடின, ஜனங்கள் அதை நம்பியதால். 2001 நவம்பரில் அமெரிக்கா 'அல்-பரகாத்' நிறுவனத்தைப் பயங்கரவாத நிதி என்று சொல்லி மூடியது. நாட்டின் மிகப் பெரிய பணப் பரிமாற்ற நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் அதுதான். பிற்பாடு செப்டம்பர் 11 விசாரணைக் குழுவின் ஆய்வாளர்களாலேயே குற்றத்துக்குப் போதிய ஆதாரம் காட்ட முடியவில்லை. பட்டியலிலிருந்து பெயர் நீங்க 2012 ஆகிவிட்டது. 2006இலும் பாருங்கள், இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு யுத்தப் பிரபுக்களை விரட்டி ஆறு மாதம் மொகடிஷுவை ஆண்டது. கெடுபிடிகள் இருந்தன, மறுக்கவில்லை. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த துறைமுகமும் விமான நிலையமும் திறந்தன. டிசம்பரில் அமெரிக்க ஆசியோடு எத்தியோப்பிய டாங்குகள் நுழைந்தன. மிதவாதிகள் சிதறினார்கள், மிஞ்சியது அல்-ஷபாப்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு உற்சாகம் பிறக்கும். எனக்கும் பிறந்தது. அரசை மறுக்கிற கோட்பாடுகளைப் படித்துவிட்டு, 'ஆகா, அரசில்லாச் சமூகம், வாய்மொழிச் சட்டம், நுண் அதிகாரம்' என்று குதிக்கத் தோன்றும். நமக்கு முன்னாலேயே குதித்தவர்கள் இருக்கிறார்கள். பீட்டர் லீசன் என்ற அமெரிக்கப் பொருளாதாரவாதி 2007இல், அரசு இல்லாமல் சோமாலியா முன்னைவிட நன்றாகவே இருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு கட்டுரை எழுதினார். சந்தை பக்தர்களின் சொர்க்கம். அவர் வலதிலிருந்து பார்த்ததை நாம் இடதிலிருந்து பார்த்தால் பார்வை மாறிவிடுமா? முதல் வெளியாள் அங்கே எதுவுமே இல்லை என்றான். இரண்டாவது வெளியாள் தனக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது என்கிறான்.

'ஹேர்' சட்டத்தில் ஓர் ஆணின் உயிருக்கு மரபான ஈடு 100 ஒட்டகம். பெண்ணுக்கு 50. மூத்தோர் என்றால் ஆண் மூத்தோர். மந்திரம் சொல்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், கொல்லர்கள், முடி வெட்டுகிறவர்கள் என்று 'கபோயே' எனப்படும் ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். அவர்களோடு 'உயர்ந்த' குலக்குழுவினர் பெண் கொடுத்து எடுப்பதில்லை. குலக்குழுவைச் சாதி என்று நாம் மொழிபெயர்த்துவிடக் கூடாது. குலக்குழுக்கள் தமக்குள் தாராளமாகச் சம்பந்தம் செய்கின்றன. ஆனால் கபோயே விஷயத்தில் நமக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஐ.எம். லூயிஸ் 1961இல் தன் நூலுக்கு 'மேய்ச்சல் ஜனநாயகம்' என்று பெயர் வைத்தாரே, அந்த ஜனநாயகத்தில் இவர்களுக்கு இடம் வாசலில்தான். போராமாவின் வெற்றியும் மூத்தோரின் ஞானம் மட்டுமல்ல. ஆடு மாடு ஏற்றுமதி செய்யும் பெர்பெரா வியாபாரிகள் இகாலுக்குக் கடன் கொடுத்தார்கள், வரிச்சலுகை பெற்றார்கள், அந்தப் பணத்தில்தான் போராளிகளை ஆயுதம் இறக்க வைத்தார். 1994இலிருந்து மறுபடி ஒரு சண்டையும் நடந்தது.

2000இல் ஜிபூட்டி நாட்டின் ஆர்டாவில் சமாதான மாநாடு நடந்தபோது இடங்களைக் குலக்குழுவாரியாகப் பங்கிட்டார்கள். நான்கு பெரிய குலக்குழுக்களுக்குச் சமப் பங்கு. மிச்சமிருக்கிற சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. இதற்கு 'நாலரை' என்றே பெயர். பஞ்சத்தில் செத்த பாண்டூக்களும் அந்த அரைக்குள்தான். பெண்களுக்கு இதில் எந்தக் கதவும் இல்லை. பிறந்த குலம் வேறு, புகுந்த குலம் வேறு என்பதால் இரண்டுமே அவளை நம்பாது. ஆஷா ஹாஜி எல்மியும் தோழிகளும் ஒரு வேலை செய்தார்கள். உங்கள் கணக்கில் எங்களுக்கு இடமில்லை என்றால் நாங்களே ஒரு குலக்குழு, 'ஆறாவது குலக்குழு' என்று அறிவித்து, குலக்குழுக் கட்டமைப்பின் மொழியிலேயே உள்ளே நுழைந்து உட்கார்ந்தார்கள். பெண்களுக்கு இட ஒதுக்கீடும் வாங்கினார்கள். உள்ளிருந்து நடந்த கட்டுடைப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். நாலரை மட்டும் போகவில்லை. 2022 நாடாளுமன்றத் தேர்விலும் அதே கணக்கு.

இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டால், பல வருஷங்களாகச் சோமாலியா பற்றிய அறிக்கைகள் நைரோபி அலுவலகங்களில்தான் தயாராயின. 2015இல் சோமாலிலாந்தின் பெயரில் ஓர் ஆய்விதழ் வந்தது. ஆசிரியர் குழுவில் ஒரு சோமாலிகூட இல்லை. சஃபியா அய்தித் என்ற ஆய்வு மாணவி கேள்வி கேட்டார். ஆய்வில் அக்கறை உள்ள இளைய சோமாலிகளைத் தான் அதிகம் காணவில்லை என்று ஒரு ஜெர்மன் மானிடவியலாளர் பதில் சொல்ல, 'கதான் ஸ்டடீஸ்', அதாவது வெள்ளையர் ஆய்வு, என்று பெயர் சூட்டி இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். மோனையில் வைது பழகிய ஜனமாயிற்றே. நானும் ஒரு வெளியாள்தான். சோமாலி தெரியாது, ஆங்கிலம் வழியாகத்தான் எனக்கு எல்லாம் வந்தது. இந்தக் கட்டுரைக்கும் அந்தப் பெயர் பொருந்தும், வெள்ளைத் தோல் இல்லாவிட்டாலும்.

கடைசியாக லாஸ் அனோட். சோமாலிலாந்தின் கிழக்கு எல்லையில் இருக்கிற ஊர். துல்பஹந்தே குலக்குழுவினரின் ஊர். இவர்களில் பலர் தனிநாட்டை மனதார ஏற்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் அந்தக் குலக்குழுவின் மூத்தோர் கூடிப் பேசி, நாங்கள் சோமாலிலாந்தோடு இல்லை, சோமாலியாவோடு இருக்கிறோம் என்று அறிவித்தார்கள். போராமாவில் நடந்த மாதிரியான கூட்டம்தான், அதே மரபு, அதே வகை முதியவர்கள். வெளியார் எல்லோரும் முன்மாதிரி ஜனநாயகம் என்று பாராட்டிக்கொண்டிருந்த சோமாலிலாந்து அரசின் படை அந்த ஊரின் மீது மாதக்கணக்கில் ஷெல் அடித்தது. மருத்துவமனை மீதும் விழுந்தது. ஆகஸ்டில் படை பின்வாங்க நேர்ந்தது. அதற்குள் ஊர் ஜனம் மூட்டை முடிச்சோடு எத்தியோப்பிய எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது, 1988இல் ஹர்கெய்சாக்காரர்கள் தாண்டிய அதே நாட்டின் எல்லை. அந்தப் பக்கம் ஏற்கனவே வறட்சியில் காய்ந்து கிடந்த கிராமத்துக்காரர்கள், நிவாரண லாரிகள் வருவதற்கு முன்னாலேயே, வீட்டில் இடம் கொடுத்து இருந்த தானியத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.